ஆய்வு முடிந்தது, அறிக்கையும் கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன?

புழுதிக்கால் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் சமூக மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக ஒரு வருடம் பள்ளி வாசல் பெட்டிக்கடைகளில் பிள்ளைகள் வாங்கித் தின்னும் மிட்டாய், ஜெல்லி, கலர் அப்பளம் எல்லாவற்றையும் வாங்கி, என்ன நிறமி போட்டிருக்கிறார்கள் என்று ஆய்வகத்தில் பார்த்தேன். சிலவற்றில் அனுமதி இல்லாத சாயம் இருந்தது, சிலவற்றில் அனுமதித்த நிறமியே அளவுக்கு மேல் இருந்தது. எந்த ஊர், எத்தனை கடை என்பதை இங்கே எழுதவில்லை, கடைக்காரர்களை அடையாளம் காட்டியது போல் ஆகிவிடும்.

ஆய்வேடு முடிந்ததும் ஆர்வத்தில் அதையே பைண்டு பண்ணி, சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரை குத்தினார்கள், நம்பர் போட்டார்கள், 'பார்க்கிறோம்மா' என்றார்கள். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது பார்த்தால், காற்றாடிக் காற்றில் வருகைப் பதிவேட்டின் பக்கங்கள் பறக்காமல் இருக்க என் ஆய்வேட்டை அதன் மேல் வைத்திருக்கிறார்கள். கனமான புத்தகம்தான், அதற்கு நன்றாகவே உதவியது.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் கேள்வி இதுதான். ஒரு ஆய்வு எப்படி அரசாணையாகவோ நடவடிக்கையாகவோ மாறுகிறது? வகுப்பில் இதற்கு என்று ஒரு மணி நேரம்கூட இல்லை. கட்டுரை எப்படி எழுதுவது, எந்த இதழுக்கு அனுப்புவது என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பங்களாதேஷில் மஞ்சள் விஷயத்தில் ஒரு ஆய்வு நாட்டையே மாற்றியது என்று பேராசிரியர் ஒரே ஒரு வரி சொன்னார். அது என்ன கதை? அங்கே நடந்தது நமக்கு ஏன் நடப்பதில்லை?

---

தாள்பொறுக்கி பதில்:

காகிதம் பறக்காமல் காப்பாற்றியதும் ஒரு பொதுச் சேவைதான், விடுங்கள். 🙂

பங்களாதேஷ் கதை எனக்கு ஓரளவு தெரியும். ஒரு வரியில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது மஞ்சளில் ஆரம்பிக்கவே இல்லை. கிராமப்புறக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பது தெரிய வந்ததில்தான் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவில் இருக்கும் ஐசிடிடிஆர்பி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து செய்த வேலை. ஜென்னா ஃபோர்சைத், ஸ்டீஃபன் லூபி, மஹ்பூபுர் ரஹ்மான் எல்லாம் அதில் இருந்தவர்கள். சோதித்த 430 கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். பேட்டரி உடைக்கிற பட்டறை, உலை என்று எதுவும் பக்கத்தில் இல்லாத கிராமங்கள். ஈயம் கலந்த பெட்ரோலை அந்த நாடு 1999லேயே நிறுத்திவிட்டது. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?

சந்தேகப் பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. பூச்சிமருந்து, உணவு சேமிக்கிற டின்களில் பற்றவைத்த ஈயம், மண், மஞ்சள். இதில்தான் ஒரு அழகான வேலை செய்தார்கள். ஈயத்துக்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு, ஐசோடோப்பு விகிதம் என்பார்கள். ரத்தத்தில் இருக்கிற ஈயத்தின் ரேகையையும் ஒவ்வொரு பொருளில் இருக்கிற ஈயத்தின் ரேகையையும் ஒப்பிட்டால், எதனோடு பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். மஞ்சளோடு பொருந்தியது. 'மஞ்சளிலும் ஈயம் இருக்கிறது' என்பது வேறு, 'இந்தப் பெண்களின் ரத்தத்தில் இருப்பது மஞ்சளில் இருந்து வந்த ஈயம்' என்பது வேறு. முன்னதைச் சொன்னால் 'அதெல்லாம் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும்' என்று அனுப்பிவிடுவார்கள். பின்னதைச் சொன்னால் அப்படி அனுப்ப முடியாது.

பெரும்பாலான ஆய்வுகள் இந்த இடத்தில் கட்டுரை எழுதி முடித்துக்கொள்ளும். இவர்கள் மஞ்சள் வந்த வழியிலேயே திரும்பிப் போனார்கள். 9 மாவட்டங்கள், 152 பேர்: விவசாயி, மெருகேற்றும் ஆலைக்காரர், மொத்த வியாபாரி, அரைப்பவர், கடைக்காரர். யார் போடுகிறார்கள், எந்தக் கட்டத்தில், எதற்காக என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். போட்டது லெட் குரோமேட், பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போடுகிற, ஈயம் கலந்த பளிச்சென்ற மஞ்சள் சாயம். 9ல் 7 மாவட்டங்களில் அதற்கு ஆதாரம் கிடைத்தது. சில மாதிரிகளில் அந்நாட்டு வரம்பைப் போல சுமார் 500 மடங்கு வரை ஈயம். பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கு, 1980களில் ஒரு பெருவெள்ளத்தில் மஞ்சள் நனைந்து கறுத்துப்போனது, அதை விற்க வழி தெரியாமல் சாயம் போட்டார்கள், அப்புறம் சந்தையில் அந்த நிறமே வழக்கமாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வேண்டுமென்றே விஷம் வைத்தவர் என்று யாரும் இல்லை. விலை குறைந்த, நிறம் மங்கிய கிழங்கைத் தள்ளிவிட ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான்.

2019 செப்டம்பரில் கட்டுரைகள் வெளிவந்தன, பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன, விஷயம் அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனா வரைக்கும் போனது. ஆனால் ஆய்வுக்குழு ஏற்கெனவே அந்நாட்டு உணவு பாதுகாப்பு ஆணையத்தோடு பேசிக்கொண்டிருந்தது, செய்தியைப் பார்த்து அதிகாரிகள் அதிர்ந்துபோகும் நிலைமை இல்லை. ஆணையம் வங்காள மொழியில் பல்லாயிரம் எச்சரிக்கை நோட்டீஸ் அடித்துச் சந்தைகளில் ஒட்டியது, கொடுத்தது. அப்புறம் டாக்காவின் ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தையில் நடமாடும் நீதிமன்றத்தோடு சோதனை. கையில் பிடிக்கிற எக்ஸ்ரே கருவி ஒன்று உண்டு, மஞ்சள் மேல் வைத்தால் அந்த இடத்திலேயே ஈயத்தின் அளவைக் காட்டிவிடும். அதை வைத்து 900 கிலோ பறிமுதல், இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு அந்நாட்டுப் பணத்தில் 8 லட்சம் டாகா அபராதம், எல்லாம் தொலைக்காட்சியில் வந்தது.

கடைசியாக ஒன்று. ஆய்வுக்குழு திரும்பிப் போய் அளந்தது. 2019ல் சந்தை மாதிரிகளில் 47% ஈயத்தோடு இருந்தது, 2020 தொடக்கத்தில் 5% ஆகி, 2021ல் பூஜ்யம். மெருகேற்றும் ஆலைகளில் சாயம் போட்ட தடயம் 30%ல் இருந்து பூஜ்யம். ஆலைத் தொழிலாளிகளின் ரத்தத்தில் ஈயமும் குறைந்தது. நம்மூரில் தடை போட்ட மறுநாள் எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஆய்வேடு 'பெட்டிக்கடையில் சாயம் இருக்கிறது' என்கிறது. சரி. அந்தச் சாயத்தை மிட்டாயில் போட்டது யார்? பெட்டிக்கடைக்காரரா? அவர் பாக்கெட்டை வாங்கி விற்பவர். எந்த ஊரில், யார், எத்தனை பேர் செய்கிறார்கள், சாயத்தை எங்கே வாங்குகிறார்கள்? அது உங்கள் ஆய்வில் இருக்கிறதா?

---

ஓய்வுபெற்றவன் பதில்:

அம்மா, நான் அந்தப் பக்கத்து மேஜையில் இருந்தவன், அதனால் கொஞ்சம் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். 2011 ஆகஸ்டில் புதிய உணவு பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது உணவு ஆய்வாளராக இருந்து உணவு பாதுகாப்பு அலுவலர் ஆனவன். உங்களை மாதிரி பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த ஆய்வேடுகள் என் அலமாரியிலும் இருந்தன. படித்தது குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் படித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? உங்கள் ஆய்வக முடிவை வைத்து ஒரு கடைக்கு நோட்டீஸ்கூட என்னால் கொடுக்க முடியாது. சட்டப்படி மாதிரி என்றால் அலுவலரே கடைக்குப் போய், காசு கொடுத்து வாங்கி, கடைக்காரர் கண் முன்னால் நான்கு பங்காகப் பிரித்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கி, ஒரு பங்கைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதில் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் நீதிமன்றம், 'தரம் குறைந்தது' அல்லது லேபிள் தவறு என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணை, அபராதம். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கையே தூக்கி எறிந்துவிடுவார். ஒரு கையெழுத்து தேதி மாறிப்போனதால் தோற்ற வழக்கு எனக்கு இன்னும் உறக்கத்தில் வரும்.

அதனால் 'என்னிடம் முடிவு இருக்கிறது, நடவடிக்கை எடுங்கள்' என்று வராதீர்கள். 'இந்த வகைப் பண்டத்தில், இந்த நிறத்தில், இந்தச் சந்தையில், இந்தக் கிழமையில் சரக்கு இறங்குகிறது, அன்றைக்கு நீங்கள் மாதிரி எடுத்தால் கிடைக்கும்' என்று வாருங்கள். அலுவலருக்கு மாதத்துக்கு இத்தனை மாதிரி எடுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு எப்போதும் தலைமேல் இருக்கும். எங்காவது எடுத்தே ஆக வேண்டும். எங்கே எடுத்தால் பலன் என்று நீங்கள் சொன்னால் அவருக்கு அது உதவி. புகார் என்று வந்தால் தலைவலி. இரண்டும் ஒரே தகவல்தான், நீங்கள் எந்த வாசல் வழியாகக் கொண்டுவருகிறீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. பிரிவு 40. சாதாரணமாகப் பொருள் வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சொல்லலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிப் பாருங்கள், உங்களுக்குப் பொருளே கிடைக்காது. 😄

அப்புறம் அந்தப் புத்தகத்தின் கனம். ஆங்கிலத்தில் அத்தனை பக்கத்தை அலுவலகத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம். தமிழில். மேலே யாருக்கு என்று பதவியின் பெயர். முதல் பத்தியில் நீங்கள் கேட்பது என்ன. அந்தக் கோரிக்கை அந்த அலுவலரின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும். மாவட்டத்தில் உணவு பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் போய் 'நிறமிக்கு மாநிலம் முழுக்கத் தடை போடுங்கள்' என்றால் அவர் என்ன செய்வார்? அதை மாநில உணவு பாதுகாப்பு ஆணையர்தான் போட முடியும், அவராலும் ஒரு வருடத்துக்குத்தான் போட முடியும். நிரந்தரமாக வேண்டும் என்றால் டெல்லியில் இருக்கிற மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம். யாரிடம் எது இருக்கிறது என்று தெரியாமல் எழுதுகிற மனு கடைசியில் யாருக்குமே எழுதாத மனு ஆகிவிடுகிறது.

---

மஞ்சமூட்டை பதில்:

பங்களாதேஷ் மஞ்சள் பேச்சு வந்ததால் நுழைகிறேன். ஈரோட்டுப் பக்கம் மூன்று தலைமுறையாக மஞ்சள் வியாபாரம்.

மஞ்சள் தோண்டியதும் வேகவைத்துக் காயப்போடுவோம். காய்ந்தது பார்க்க அழுக்கு விரல் மாதிரி இருக்கும், மேல்தோல் சொரசொரவென்று, வேர் ஒட்டிக்கொண்டு. அதைச் சுழலும் டிரம்மில் போட்டு உருட்டினால் ஒன்றோடொன்று உரசித் தோல் போகும், மெருகு வரும். கடைசியில் மஞ்சள்தூளையே தண்ணீரில் கரைத்துத் தெளித்து உருட்டுவது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் மஞ்சள்தூளுக்குப் பதில் வேறு தூளைக் கரைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான்.

ஏலத்தில் சாம்பிளை உடைத்துப் பார்க்கிற வியாபாரி உள்நிறத்தைப் பார்ப்பான், ஏமாற மாட்டான். தூரத்து ஊரில் சில்லறையில் வாங்குகிறவர் மேல்நிறத்தைத்தான் பார்ப்பார். சாயம் யாரை ஏமாற்றப் போடுகிறார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. உடைத்துப் பார்க்கப் பழகுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அரைத்த தூளில் அதுவும் முடியாது என்பது வேறு விஷயம்.

தயவுசெய்து ஒன்று. 2024ல் அதே ஃபோர்சைத் குழு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் நான்கிலும் 23 நகரங்களில் மஞ்சள் வாங்கிச் சோதித்துக் கட்டுரை போட்டார்கள். 356 மாதிரி. அதில் 14% மாதிரிகளில் அவர்கள் வைத்த வரம்புக்கு மேல் ஈயம். பாட்னா, கராச்சி, பெஷாவரில் மிக மோசம், கவுகாத்தியும் சென்னையும்கூட அதிக ஈயம் கண்ட பட்டியலில் இருந்தன. சென்னையில் விற்றது எந்த ஊர் மஞ்சள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வாட்ஸ்அப்பில் 'தமிழ்நாட்டு மஞ்சளில் விஷம்' என்று ஓடியது, எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள் எங்களுடையது. ஒழுங்காக வியாபாரம் செய்கிறவனும் அன்றைக்குத் தலையைக் குனிய வேண்டியிருந்தது. ஆய்வு செய்யுங்கள், வெளியிடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியிடுவதற்கு முன்னால் அந்தத் தொழிலில் இருக்கிற நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். யார் போடுகிறான் என்று எங்களுக்குள் தெரியும். எங்களிடம் யாரும் கேட்பதில்லை.

---

எதிர்க்கேள்வி பதில்:

எல்லோரும் பங்களாதேஷைப் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் மோர் ஊற்றுகிறேன்.

அங்கே பிரதமரே நேரடியாகக் கவனித்தார். அது அதிர்ஷ்டம், வழிமுறை இல்லை. அந்த வாரம் வேறு பெரிய செய்தி இருந்திருந்தால்? அதோடு, மஞ்சளுக்குச் சாயம் போடுகிற ஆலைகள் சிறியவை, அவர்களுக்குப் பின்னால் பெரிய கம்பெனி கிடையாது. புகையிலையிலோ சர்க்கரைப் பானத்திலோ இதே மாதிரி இரண்டு வருடத்தில் பூஜ்யம் ஆக்கிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

நம்மூர் அனுபவத்தையே பாருங்கள். குட்கா. 2013ல் இருந்து வருடா வருடம் ஆணையர் ஒரு வருடத் தடையைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஆணையருக்கு அவசரத்துக்குத் தற்காலிகமாகத் தடை போடும் அதிகாரம்தான் உண்டு, அதையே புதுப்பித்துப் புதுப்பித்து நிரந்தரத் தடை ஆக்க முடியாது என்று ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. புகையிலை வாய்ப்புற்றுநோய் தரும் என்பதற்கு இன்னும் எத்தனை ஆய்வு வேண்டும்? அறிவியல் அங்கே தோற்கவில்லை, எந்தப் பிரிவில் ஆணை போட்டார்கள் என்பதில் ஆட்டம் கண்டது. எந்த மருத்துவக் கல்லூரியிலாவது இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களா?

அப்புறம் பஞ்சுமிட்டாய். உங்கள் ஆய்வுக்கு இதுதான் நெருக்கம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் ரோடமின்-பி என்கிற துணிச் சாயம் இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தடை போட்டார்கள். சில நாளில் இங்கேயும் மாதிரி எடுத்து, கிண்டி ஆய்வகத்தில் சோதித்து, 17ஆம் தேதி தமிழ்நாட்டிலும் தடை. மார்ச்சில் கர்நாடகம் கோபி மஞ்சூரியன் வரைக்கும் போனது. வேகம் என்றால் வேகம். ஆனால் பிடிபட்டவர் யார்? தோளில் கம்பு, அதில் ரோஸ் கலர் பைகள், கடற்கரையில் மணியடித்துக்கொண்டு நடக்கிற வடமாநிலத்துப் பையன். அவனுக்கு அந்தப் பொட்டலத்தை உணவு நிறமி என்று விற்றவன் பெயர் எந்தச் செய்தியிலாவது என் கண்ணில் பட்டதா என்றால் இல்லை. தாள்பொறுக்கி கேட்ட கேள்வியை நானும் கேட்கிறேன்: சாயம் எங்கே வாங்குகிறார்கள்? அதைக் கேட்காமல் நீங்கள் கொடுக்கிற ஆய்வு நாளைக்கு ஏதாவது ஒரு பெட்டிக்கடைப் பாட்டியின் தலையில்தான் போய் விழும்.

---

தாள்பொறுக்கி பதில்:

அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிரதமர் கேட்ட அன்றைக்கு 'எந்தச் சந்தை, எந்தக் கட்டம், என்ன சாயம், எப்படிக் கண்டுபிடிப்பது' என்ற நாலுக்கும் பதில் தயாராக மேஜையில் இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் ஒரு குழு அமைத்து ஆறு மாதத்தில் அறிக்கை கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பெரிய கம்பெனி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது வேறு சண்டை.

பஞ்சுமிட்டாய் விஷயத்தில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன்.

---

அச்சுக்கூடம் பதில்:

பத்திரிகையில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், பக்கம் முடிக்கிற நேரம்.

1) கட்டுரை வெளிவந்து ஒரு மாதம் கழித்துக் கூப்பிடாதீர்கள், அது எங்களுக்குப் பழைய செய்தி. வருவதற்கு ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டு, 'இந்தத் தேதிக்கு முன் போட வேண்டாம்' என்று சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் மதிப்போம்.

2) தலைப்பை நான் வைப்பதில்லை, ஆசிரியர் மேஜை வைக்கும். அதனால் தவறாகப் போகக்கூடிய வாக்கியத்தை நீங்களே கொடுக்காதீர்கள். 'எல்லா மிட்டாயிலும் இல்லை, இந்த நிறத்தில் இருக்கிற பாக்கெட் போடாத வகையில்தான்' என்பதை நீங்களே முதலில் சொன்னால் அது தலைப்பில் வர வாய்ப்பு உண்டு. ஐந்தாவது பத்தியில் சொன்னால் வெட்டுப்படும்.

3) அதிகாரியிடம் முன்பே பேசிவிட்டீர்களா என்று நான் கேட்பேன். 'இல்லை' என்றால் நான் அவரைக் கூப்பிடும்போது அவர் உங்கள் எதிரி. 'ஆமாம், போன வாரம் கொடுத்தேன்' என்றால் அவர் 'நடவடிக்கை எடுத்துவருகிறோம்' என்பார். சொல்லிவிட்டாரே என்பதற்காகவாவது எடுப்பார்.

---

புழுதிக்கால் பதில்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

உண்மையைச் சொன்னால் தாள்பொறுக்கி அண்ணாவின் கேள்வி கொஞ்சம் குத்தியது. சாயம் எங்கே போடுகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. நெறிமுறைக் குழுவில் கொடுத்த திட்டத்தில் 'மாதிரி சேகரித்தல், பகுப்பாய்வு' என்று மட்டும்தான் இருந்தது. ஆனால் பாக்கெட்டுகளின் படம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. நேற்று இரவு உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். முகவரியே இல்லாதவைதான் அதிகம், ஒரு பழம் படம், ஒரு சிரிக்கிற குழந்தை, அவ்வளவுதான். முகவரி இருப்பவற்றில் பிரச்சினையான நிறம் வந்தவை திரும்பத் திரும்ப ஒரே இரண்டு ஊர்களைக் காட்டுகின்றன. ஒரு வருடம் கையில் வைத்திருந்தேன், அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கவே இல்லை.

ஓய்வுபெற்றவன் ஐயா, ஒரு சந்தேகம். முகவரியே போடாமல் விற்பதே குற்றம்தானே? சாயத்தை நிரூபிக்க ஆய்வகம், 14 நாள், நான்கு பங்கு எல்லாம் வேண்டும். லேபிள் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தாலே போதுமே. அப்படியென்றால் என் கோரிக்கையை நிறமியில் இருந்து லேபிளுக்கு மாற்றினால் என்ன?

மஞ்சமூட்டை அண்ணா, மிட்டாய்த் தொழிலில் இருக்கிற யாரையாவது தெரியுமா உங்களுக்கு? பெயர் எழுத மாட்டேன், சும்மா பேச வேண்டும்.

---

ஓய்வுபெற்றவன் பதில்:

இதைத்தான் அம்மா கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண் இல்லாமல் பாக்கெட் விற்கக் கூடாது. நீங்கள் சொல்வது சரி, அதைப் பிடிக்க ஆய்வகம் வேண்டாம். அபராதம் சின்னதாகத்தான் வரும். ஆனால் கடைக்காரர் அடுத்த முறை ஏஜென்டிடம் 'பேர் போட்ட சரக்கு கொண்டா' என்று சொல்ல ஆரம்பிப்பார். பேர் வந்துவிட்டால் சாயம் போட்டவனை நாங்கள் தேடிப் போகலாம். பெட்டிக்கடைப் பாட்டிக்கு முதலில் எச்சரிக்கை மட்டும் போதும் என்று மனுவிலேயே எழுதுங்கள், எதிர்க்கேள்வி தம்பிக்கும் மனசு ஆறும்.

அந்த இரண்டு ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டம் இல்லை என்றால் உங்கள் நியமன அலுவலரால் அங்கே போக முடியாது, அவர் வழியாக அந்த மாவட்டத்துக்கு எழுத வைக்க வேண்டும். மனுவில் அதையும் ஒரு வரி கேளுங்கள்.

---

மஞ்சமூட்டை பதில்:

தெரியும். கடலை மிட்டாய், தேன் மிட்டாய் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், சாயக்காரர்களால் தன் வியாபாரம் போகிறது என்று புலம்பிக்கொண்டே இருப்பார். பேசச் சொல்கிறேன். தனிச்செய்தியில் வாருங்கள்.

---

புழுதிக்கால் பதில்:

சரி. திங்கட்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்குள் ஒரு பக்கம் தமிழில் எழுதி இங்கேயே போடுகிறேன், எல்லோரும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் திட்டுங்கள்.

---

எதிர்க்கேள்வி பதில்:

முதல் வரி 'ஆய்வின் பின்னணி' என்று ஆரம்பித்தால் படிக்காமலே திட்டுவேன்.

---

ஓய்வுபெற்றவன் பதில்:

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தப் பழைய புத்தகத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், காற்றாடிக்கு வேண்டும்.